தஃப்தரில் ஏறாத நகை

காரிமங்கலம் வாரச் சந்தையில் ஒரு மாட்டைப் பிடித்து வருகிறவரும் சீட்டை மடித்துப் பையில் பத்திரப்படுத்திக் கொள்கிறார். நம் பெண்மக்களுக்குப் பூட்டும் நகைக்கோ ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நிக்காஹ் தஃப்தரில் மஹர் ஏறுகிறது. அதுவும் பெரும்பாலும் பெயரளவுக்கு ஒரு தொகை. தகப்பனார் நிலத்தை விற்றுப் போட்ட பவுனும், மாப்பிள்ளை வீட்டார் கையில் எண்ணி வைத்த ரொக்கமும் அதில் ஏறுவதில்லை.

மணம் முறிந்து இரு வீட்டாரும் ஜமாஅத்தின் முன் நிற்கும்போதுதான் இதன் வினை தெரியும். நாற்பது பவுன் என்பர் இவர்கள்; பத்துத்தான் என்பர் அவர்கள். பெரியவர்கள் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து முடித்து வைப்பர். இது நீதியன்று, பேரம்.

ஷரீஅத்தில் இதுபற்றி மயக்கமே இல்லை. நிக்காஹ் நடந்ததனால் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் ஒன்றாகிவிடுவதில்லை. பிரியும்போது பாதிபாதி என்னும் பேச்சும் இல்லை. அவளுடையது அவளுடையதே. பொற்குவியலையே கொடுத்திருப்பினும் தலாக்கின்போது எதையும் திரும்பப் பெறலாகாது என்பது அந்நிஸா அத்தியாயம் 20ஆம் வசனத்தின் கருத்து. (மனைவி கேட்டுப் பெறும் குல்உவின் சட்டம் வேறு.) கணவன் தந்ததற்கே இந்த நிலை என்றால், தகப்பன் தந்ததில் அவனுக்கு என்ன பாத்தியதை?

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறன்று. 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மஹரையும், உற்றார் உறவினர் அளித்த பொருள்களையும் மணவிலக்குப் பெற்றவளுக்கே உரிமையாக்குகிறது. ஆயினும் மேற்கு வங்கத்து ஒரு சகோதரி பட்ட பாட்டைப் பாருங்கள். 2005இல் நிக்காஹ், 2011இல் தலாக். தகப்பனார் கொடுத்த 7 இலட்சம் ரூபாயையும் 40 பவுனுக்கு மேற்பட்ட நகையையும் கேட்டு வழக்குத் தொடுத்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. இத்தனை ஆண்டு இழுத்த சிக்கல்களுள் ஒன்று, அவை யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதில் மணப்பதிவேடு பற்றி எழுந்த தகராறு!

“எழுதினால் கைக்கூலிக்கு ஜமாஅத்தே முத்திரை குத்தியதாகும்” என்று ஆலிம் நண்பர்கள் சிலர் தடுக்கின்றனர். கைக்கூலியை நாமும் வெறுக்கிறோம். ஆனால் பந்தலில் அது கைமாறும்போது வாய்மூடி பிரியாணி உண்டவர்கள், தஃப்தரைத் திறந்ததும் பேணுதல் பேசுவது ஏன்? வாங்கியபோது உறுத்தாத மனம் எழுதும்போது மட்டும் உறுத்துமா? கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்டது என்பதை அவர்களே மாணவர்க்கு ஓதிக் கொடுக்கிறார்கள்.

நாம் கேட்பது தஃப்தரில் ஒரு பக்கம். நகை எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, பெற்றுக்கொண்டவர் யார். கீழே இரு சாட்சிகளின் கையொப்பம். மணமகள் கையில் ஒரு படி. அடுத்த நிக்காஹுக்கு முன் இதைச் செய்ய எந்த முத்தவல்லிக்கும் யாருடைய ஃபத்வாவும் தேவையில்லை.