நிலாவாரையும் நிழற்களமும்

மழை பொய்த்ததென்று நொந்துகொள்ளும் நாம், மழை குறைந்த நிலத்திற்கு உரிய செடி எதுவென்று எண்ணிப் பார்ப்பது அரிது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து தீர்ந்துவிடுகிறது. இத்தகைய மண்ணில் கடன் வாங்கிக் கிணறு வெட்டி, ஊறிய உவர்நீரைப் பாய்ச்சி, நிலத்தையும் கெடுத்துக்கொண்ட அங்கத்தினர்களின் தவணை பாக்கிகளைச் சங்கக் கணக்குகளில் கண்டு வருந்தியிருக்கிறோம்.

அதே மண்ணில், ஒருவரும் நீர் வாராமலே ஆவாரை பூத்து நிற்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்ததே நிலாவாரை. அரபு நாட்டுப் பகுதியினின்று வந்து, திருநெல்வேலிச் சீமையில் வேரூன்றி, உலக மருந்துச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரையே பெற்றுவிட்ட செடி இது. மலமிளக்கும் மருந்துக்காக இலையும் காயும் கப்பலேறுகின்றன. ஆணிவேர் ஆழச் செல்வதால் வறட்சியைத் தாங்கும். ஆடுமாடுகள் விரும்பி மேய்வதில்லை. தேங்கி நிற்கும் நீரைத்தான் அதனால் பொறுக்க இயலாது.

வறட்சியைத் தாங்குவது ஒன்றே ஒரு செடிக்குத் தகுதியாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1877ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட சீமைக் கருவேலமும் வறட்சியைத் தாங்குவதே. இன்று அது கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு நிற்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிலாவாரையை விளைவிப்பது எளிது, உலர்த்துவதே கடினம். அதன் விலை இலையின் நிறத்தில் இருக்கிறது. பசுமை மாறாத, முறியாத, பெரிய இலைக்கு உயர்ந்த விலை. மஞ்சளித்ததும் கறுத்ததும் கழிவு விலைக்கே போகும். பசுமை நிலைக்க வேண்டுமாயின், இலையை நிழலில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை உலர்த்த வேண்டும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தவர் ஏறத்தாழ இரண்டு திங்களில் முதற்பறிப்பை எடுக்கிறார். அப்பொழுது மழை முற்றும் ஓய்ந்திராது. கூரையற்ற சிறு விவசாயி சாலையோரத்திலும் களத்திலும் பரப்புகிறார். ஒரு தூறல் போதும், இலை கறுத்துவிடும். அதற்கு அஞ்சியே, அரைகுறையாய் உலர்ந்த இலையை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார். வியாபாரியைக் குறை கூறிப் பயனில்லை. அவரிடம் கூரை இருக்கிறது.

நெசவாளர் பகுதியினர் இது தமக்குத் தொடர்பற்ற செய்தி என்று கருதலாகாது. நீலச் சாயம் தரும் அவுரியும் குறைந்த மழையில் வளரும் குறுஞ்செடியே. (நிலாவாரையையும் சிலர் அவுரி என்றே வழங்குவதால், கணக்கேட்டில் இரண்டும் ஒரே பெயரில் ஏறிவிடுவதுண்டு, எழுத்தர்கள் கவனிக்க.) 1897இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்த பின் அவுரிப் பயிர் நலிந்தது, எனினும் திண்டிவனம் வட்டாரத்தில் இலையை ஊறவைத்து நீலக்கட்டி எடுக்கும் தொழில் இன்றும் உண்டு. இயற்கைச் சாயத் துணிக்கு வாங்குவோர் இருக்கும் இக்காலத்தில், விளைவிப்பவரும் சாயமிடுபவரும் தத்தம் சங்கங்களின் வாயிலாக நேரே பேசிக்கொள்ளாதது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

வெளிநாட்டுத் தேவையைப் பொறுத்து நிலாவாரையின் விலை ஏறி இறங்கும் என்பது மெய். ஆதலால் கம்பையும் பருத்தியையும் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. வேறெதுவும் தேறாத ஓரத்து நிலத்திற்கு அது போதும். பெரிய கட்டடமும் வேண்டுவதில்லை. ஒழுகாத கூரை, காற்றோட்டம், மூங்கிற் பரண்கள், எடையும் தரமும் குறித்துக்கொள்ள ஓர் ஏடு, இவ்வளவே. காலிக் கிடங்குள்ள சங்கங்கள் இவ்வாண்டுப் பேரவையிலேயே தீர்மானம் செய்தால், விதைப்புக்கு முன் பரண் கட்டி முடிக்கலாம். உரமும் பூச்சிமருந்தும் அடுக்கிய கிடங்கை மட்டும் இதற்கு ஒதுக்க வேண்டா. இலை மருந்துக்குச் செல்வது. வாடை ஏறினால் வாங்குவோர் திருப்பி அனுப்பிவிடுவர்.