எழுதி வைக்காத தருமம்

மாசி மகத்தன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே மகனாக நின்றான் என்பது ஐதீகம். அரசனுக்குக் கிடைத்த மகன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கடைசிக் காலத்தைக் கிரிவலப் பாதையோரம் கழிக்க வந்து குடியேறிய முதியவர்களில் பிள்ளையற்றவர்களும் உண்டு. “எனக்கப்புறம் இந்த வீடு அன்னதானத்துக்கு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைப்பதோடு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஓர் இந்துவின் வாய்ச்சொல் சட்டத்தின் கண்ணில் உயில் ஆகாது. அவர் மறைந்தால், முகமே பார்க்காத தூரத்துச் சொந்தத்துக்குக்கூட அந்த வீடு போய்விடும்.

துறவியே உயில் எழுதிய ஊர் இது. தம் ஆசிரமத்தின் பேரில் வழக்கு நீதிமன்றம் ஏறிய பிறகு, 1938-ல் ரமண மகரிஷி உயிலுக்கு இசைந்தார். எந்தப் பெயரிலும் கையெழுத்திடாதவர், ஒரு கோடு மட்டும் கிழித்தார். தம்பி நிரஞ்சனானந்த சுவாமி சர்வாதிகாரியாக நிர்வகிக்க வேண்டும், அவருக்குப் பின் அவர் வழியினர் என்று அதில் இருந்தது. 1950-ல் மகரிஷி சமாதியடைந்தார். மூன்றே ஆண்டில் தம்பியும் மறைய, அவருடைய மகன் பொறுப்பேற்றார். எதையும் தனதென்று கொள்ளாதவருக்கே ஒரு பத்திரம் தேவைப்பட்டதென்றால், வீடும் வைப்புத்தொகையும் வைத்திருக்கிறவர்கள் ஏன் தயங்க வேண்டும்?

எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பச்சையப்ப முதலியார் 1794-ல் திருவையாற்றில் இறப்பதற்குச் சில நாள் முன்பு தருமத்துக்கு உயில் எழுதினார். பொறுப்பில் இருந்தவர்கள் கைவிட்டதால் பணம் வழக்கில் சிக்கியது. அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-ல்தான். உயிலை நிறைவேற்றுபவராக யாரைப் போடுகிறோம் என்பதில்தான் தருமத்தின் உயிர் இருக்கிறது.

உயில் எழுதுவது சுலபம். முத்திரைத்தாள் தேவையில்லை; இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், செய்துவிடுவது நல்லது. பின்னால் “இது அவர் கையெழுத்தே இல்லை” என்று கிளம்புகிறவர்களைச் சமாளிக்க அது உதவும்.

வீட்டைவிட ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் குழப்பம் அதிகம். நாமினியாக நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்குபவர்தான், உரிமை வாரிசுகளுக்கே என்று 1984-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம். தருமத்துக்குப் போக வேண்டிய பாலிசியை உயிலில் தெளிவாக எழுத வேண்டும். அல்லது உயிரோடு இருக்கும்போதே அறக்கட்டளையின் பெயருக்கு உரிமை மாற்றம் (அசைன்மென்ட்) செய்துவிட வேண்டும்.

கொடுப்பவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. இவ்வூரில் நன்கொடை வாங்கும் ஒவ்வோர் ஆசிரமமும் அன்னதானக் கூடமும் தன் பதிவு செய்யப்பட்ட முழுப் பெயர், பதிவு எண், பொறுப்பாளர் விவரத்தை ரசீதுக் கவுன்ட்டரிலேயே எழுதி ஒட்டட்டும். “அண்ணாமலை அன்னதானத்துக்கு” என்று பொத்தாம்பொதுவாக எழுதிய உயிலை வைத்துக்கொண்டு எந்த வக்கீல்தான் எந்தக் கதவைத் தட்ட முடியும்?