எலக்ட்ரிக் காரும் எலுமிச்சம்பழமும்

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காகப் போயிருந்தோம். நம்மை அழைத்துப்போக வந்த தோழர் தாம் புதிதாக வாங்கியிருக்கும் எலக்ட்ரிக் காரிலேயே வந்திருந்தார். முதல் நாள் இரவு வண்டியின் திரையில், புதிய அப்டேட் வந்திருக்கின்றது, ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதாகவும், தாம் ‘சரி’ என்பதை அமுக்கிவிட்டுப் படுத்துக் கொண்டதாகவும் பெருமையோடு சொன்னார். பாதி வழி போனதும் அந்தத் திரை திடீரென்று இருண்டுவிட்டது. பாட்டு நின்றது. குளிர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. பின்பக்கம் பார்க்கும் காமிராவும் போயிற்று. ஆனால் வண்டி மாத்திரம் ஓடிக் கொண்டேயிருந்தது. தோழர் பயத்தினால் வியர்த்துப் போனார். நாம் குளிரினால் நடுங்கிப் போனோம்.

வீடு போய்ச் சேர்ந்ததும் மூன்று அபிப்பிராயங்கள் கிடைத்தன. தோழரின் தாயார், “அன்னைக்கே சொன்னேனே கண்ணு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைய்யின்னு, நீ ரெண்டோட நிறுத்திட்டே” என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர், அமாவாசை இரவில் அப்டேட் ஏற்றினால் இப்படித்தான் ஆகும் என்றார். கடைசியாகக் கம்பெனியின் ஆபீசுக்கு டெலிபோன் செய்ததில், “அடுத்த அப்டேட்டில் எல்லாம் சரியாகிவிடும், பொறுத்திருங்கள்” என்று பதில் வந்தது. எது கெட்டது, ஏன் கெட்டது, அடுத்த அப்டேட் எப்போது வரும் என்று மூன்று கேள்விகள் கேட்டோம். மூன்றுக்கும் பதில் இல்லை.

இம்மூன்று அபிப்பிராயங்களில் எது மூடநம்பிக்கை என்று வாசகர்களைக் கேட்கின்றோம். முதல் இரண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். மூன்றாவதும் அதே ஜாதிதான் என்பது நமது அபிப்பிராயம். காரணம் சொல்லாமல், காலம் சொல்லாமல், மேலே இருந்து ஒன்று வரும், வந்தால் எல்லாம் நல்லதாகும், நீ நம்பிக்கொண்டிரு என்று சொல்லுவதற்குக் கோயிலில் ஒரு பெயர், கம்பெனியில் வேறொரு பெயர் என்பதைத்தவிர என்ன வித்தியாசம்? அந்த அம்மாளாவது இரண்டு பழத்தின் விலையோடு விட்டுவிட்டார். கம்பெனியார் பல லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு அதையே சொல்லுகின்றார்கள்.

நிற்க, திரை இருண்ட பிறகும் வண்டி ஓடியது எப்படி? இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பழைய மோட்டாரில் கம்பியும் நெம்புகோலும் செய்துவந்த பல வேலைகளை இப்போது சிறிய சிறிய கம்ப்யூட்டர்கள் செய்கின்றன. மோட்டாருக்கும் பிரேக்குக்கும் பாட்டரிக்கும் தனித்தனியான கம்ப்யூட்டர்கள் உண்டு. பாட்டு, படம், வழிகாட்டும் மேப், குளிர்ச்சிப் பொத்தான் ஆகியவைகளைக் காட்டும் திரைக்குப் பெரும்பாலும் வேறு கம்ப்யூட்டர். பஸ்ஸில் ரேடியோ நின்றுபோனால் என்ஜின் நிற்பதில்லை அல்லவா, அதுபோலத்தான். இக்கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் என்னென்ன செய்ய வேண்டும் என்று மனிதர்கள் எழுதிவைத்த கட்டளைத் தொகுதியே சாப்ட்வேர் என்பது. அக்கட்டளைகளில் பிழை திருத்தியோ, புதிதாகச் சேர்த்தோ, ஆகாயத்தின் வழியே அனுப்பி வைப்பதே அப்டேட் என்பது. திரையை அணைத்து மறுபடியும் உயிர்ப்பித்தால் பல சமயங்களில் சரியாகிவிடுவதும் மந்திரமல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது ஞாபகத்தில் சேர்ந்துபோன குழப்பம் அழிந்து, கட்டளைகள் முதல் வரியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கின்றன, அவ்வளவுதான்.

நாம் அப்டேட்டுக்கு விரோதியல்ல. அது நன்மையும் செய்திருக்கின்றது. 2018-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் பத்திரிகையார் டெஸ்லா மாடல் 3 காரைப் பரீட்சை செய்து, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்பதற்கு 152 அடி ஆகின்றது, இது அதிகம் என்று எழுதினார்கள். சில நாட்களுக்குள் கம்பெனியார் ஓர் அப்டேட் அனுப்பினார்கள்; மறுபடி பரீட்சித்ததில் 133 அடியிலேயே நின்றது. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் 19 அடி குறைந்துவிட்டது. ஆனால் இதைச் செய்தது யார்? வண்டியை வாங்கி, ஓட்டி, அளந்து, குறையை வெளியில் சொன்ன பத்திரிகையும், அதைக் கேட்டுத் திருத்திய என்ஜினீயர்களுமே. அளக்காமல் கும்பிட்டிருந்தால் 152 அடி 152 அடியாகவே இருந்திருக்கும்.

அதே கை கெடுதியும் செய்யும். 2023-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ரிவியன் கம்பெனி தன் எலக்ட்ரிக் வண்டிகளுக்கு ஓர் அப்டேட் அனுப்பியது. சுமார் 100-க்கு 3 வண்டிகளில் திரை செத்துப்போயிற்று, வண்டிகள் ஓடின. காரணம் என்னவென்றால், ஒரு சிப்பந்தி தவறான முத்திரைச் சான்று உள்ள தொகுதியை அனுப்பிவிட்டார் என்பதே. கம்பெனியின் சாப்ட்வேர்த் தலைவர் இதை ஒளிக்காமல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். இது கிரக தோஷமல்ல, விரல் தோஷம். தவறு செய்தது மனிதன் என்று தெரிந்ததனால்தான் திருத்தவும் முடிந்தது. சனீஸ்வரன் செய்தான் என்று சொல்லியிருந்தால் எள் விளக்கு ஏற்றுவதோடு காரியம் முடிந்திருக்கும்.

இன்னொரு உதாரணம் பாருங்கள். டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளில் திரைக்குப் பின்னால் உள்ள ஞாபகச் சில்லு, ஓயாமல் எழுதி அழித்து எழுதி அழித்துத் தேய்ந்துபோயிற்று. சிலேட்டைத் தேய்த்துத் தேய்த்து எழுதினால் வழவழத்துப் போவதுபோல இதற்கும் ஒரு கணக்கு உண்டு. சில்லு செத்தால் பின்பக்கக் காமிராவும், கண்ணாடிப் பனியைப் போக்கும் வசதியும் போய்விடும். வண்டிக்காரர்கள் புகார்மேல் புகார் எழுதினார்கள். அமெரிக்க சர்க்காரின் பாதை பாதுகாப்பு இலாகா விசாரித்து, 2021 ஜனவரியில் இவைகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய் என்று கேட்டது. அடுத்த மாதமே ஏறக்குறைய 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. புகார் எழுதியவர்கள் எல்லோரும் பெரிய படிப்பாளிகளா? இல்லை. காசு கொடுத்தவர்கள், கண் உள்ளவர்கள், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். வண்டி யாருடையது? பணம் கொடுத்தவன் என்னுடையது என்கிறான். ஆனால் சாவி ஒன்று கம்பெனியிடமும் இருக்கின்றது. 2019-ம் வருஷத்தில் வந்த ஓர் அப்டேட்டினால் சில மாடல் எஸ் வண்டிகளின் பாட்டரி முன்போல் நிரம்பாமல் போயிற்று. அதனால் ஓடும் தூரமும் குறைந்தது. சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021-ல் 1,743 பேருக்காக 15 லட்சம் டாலர் என்று ராஜி ஏற்பட்டு, தலைக்கு 625 டாலர் கொடுக்க முடிவாயிற்று. இரவில் படுக்கும்போது இருந்த பொருள் காலையில் குறைந்திருந்தால் அதைத் திருட்டு என்போம். அப்டேட் என்று பெயர் வைத்துவிட்டால் மாத்திரம் ஏன் வாய் மூடியிருக்க வேண்டும்?

2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இர்மா என்னும் புயல் அடித்தபோது, அங்குள்ள சில டெஸ்லா வண்டிகள் அதிக தூரம் ஓடும்படி கம்பெனியார் ஆகாய வழியாகத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் அவர்களுடைய கருணையைப் புகழ்ந்தார்கள். ஆபத்தில் உதவியதை நாமும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அதிக பாட்டரி ஆகாயத்திலிருந்து வரவில்லை. முன்பே வண்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தது. குறைந்த விலைக்கு விற்கப்பட்டவை என்பதனால் பூட்டியிருந்தார்கள். அது வியாபாரம். வியாபாரத்தை வியாபாரமென்றே சொல்ல வேண்டும். வரமென்று சொல்லக் கூடாது. வரமென்று சொல்லிப் பழகினவன் நாளை அதைப் பிடுங்கிக்கொண்டால் சாபமென்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடுவான்.

சும்மா இராதவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. வண்டியிலேயே பொருத்தி விற்ற ஆசனச் சூட்டுக்கு மாதச் சந்தா வேண்டும் என்று பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 2022-ல் சில தேசங்களில் கேட்டார்கள். ஜனங்கள் பரிகாசம் செய்தார்கள். 2023-ல் அதைக் கைவிட்டார்கள். ஸ்வீடன் தேசத்து மோட்டார் பத்திரிகை ஒன்று 2022-ல் ஒரு பரீட்சை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னதில், பொத்தான்கள் உள்ள 2005-ம் வருஷத்து வால்வோ வண்டியில் 10 வினாடியில் முடிந்தது. திரையை நம்பிய ஒரு புது எலக்ட்ரிக் வண்டியில் அதைப்போல் நான்கு பங்குக்கு மேலாகிவிட்டது. அத்தனை நேரமும் ஓட்டுகிறவனுடைய கண் பாதையில் இல்லை என்று அர்த்தம். 2026 முதல் ஐரோப்பாவில் வண்டிகளைப் பரீட்சிக்கும் யூரோ என்காப் சபையார், ஹாரன், வைப்பர், திருப்பு விளக்கு முதலியவைகளுக்குத் தனிப் பொத்தான் இல்லையானால் முழு மார்க்கு இல்லை என்று விதி செய்திருக்கின்றார்கள். ஐக்கிய நாட்டுச் சபையின் மோட்டார் விதிகளிலும், அப்டேட் செய்தால் எதற்கென்று சொந்தக்காரனுக்குச் சொல்ல வேண்டும், பாதியில் கெட்டாலும் ஆபத்தில்லாத நிலைக்கு வண்டி வரவேண்டும் என்றெல்லாம் ஏற்பட்டு, 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் புது வண்டிகள் எல்லாவற்றிற்கும் அது கட்டாயமாகியிருக்கின்றது. இவை ஒன்றும் தானாக வரவில்லை. கேட்டதனால் வந்தன.

“நாங்கள் படிக்காதவர்கள், சாப்ட்வேரைப்பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நாமும் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவரல்லோம். அரிசியில் கல் இருக்கின்றது என்று சொல்லுவதற்கு நெல் பயிரிடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வண்டி வாங்குமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். அப்டேட் வந்தால் என்ன மாறுகின்றது என்று எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதித் தருவாயா? வேண்டாமென்று தள்ளிவைக்க எனக்கு உரிமை உண்டா? கெட்டுப்போனால் பழையபடிக்குத் திருப்பித் தருவாயா? எத்தனை வருஷத்திற்கு அனுப்புவாய்? வெளியிலுள்ள மெக்கானிக்கு ரிப்பேர் செய்யும்படி விவரம் கொடுப்பாயா? நான்காவது கேள்வியை அலட்சியமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்னும் எலக்ட்ரிக் கார்க் கம்பெனி 2024 ஜூன் மாதம் திவாலாகி, அதன் வண்டிகளை வாங்கினவர்கள் இனி அப்டேட்டுக்கும் சாமானுக்கும் எங்கே போவது என்று தவித்துத் தங்களுக்குள்ளாகவே சங்கம் அமைத்துக்கொள்ள நேர்ந்தது. ஐந்தாவது கேள்வியும் நம் தெருக்கோடி மெக்கானிக்கின் சோற்றைப்பற்றியதாகும். வண்டியின் ரகசியம் கம்பெனியாருக்கு மாத்திரம் என்றால் நாற்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவன் கை கட்டி நிற்க வேண்டியதுதான். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் 2020-ல் இவ்விஷயத்தை ஓட்டுக்கு விட்டபோது 100-க்கு சுமார் 75 பேர் வெளி மெக்கானிக்குக்கும் விவரம் கொடு என்று ஓட்டுப் போட்டார்கள்.

நமது தோழர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வண்டியோடு வந்த புஸ்தகத்தைப் பார்த்துத் திரையை மறுபடி உயிர்ப்பித்தோம், வந்தது, இரண்டு நாளில் மறுபடி இருண்டது. அப்டேட்டின் நம்பர், ஏற்றிய தேதி, இருண்ட நேரம் எல்லாவற்றையும் குறித்து, திரையைப் போட்டோவும் எடுத்து, கம்பெனிக்கு எழுத்து மூலமாகப் புகார் அனுப்பச் சொன்னோம். பத்து நாளில் அழைத்து, அந்த நம்பரில் பிழை இருப்பது தங்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்லி, காசில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். முன்பே தெரியுமாம்! டெலிபோனில் கேட்டவனுக்குப் பொறுமையை உபதேசித்தார்கள். எழுதிக் கேட்டவனுக்கு வேலையைச் செய்தார்கள்.

ஆகவே தோழர்களே! மறுநாள் பிரயாணம் இருக்கும்போது முதல் நாள் இரவில் அப்டேட் ஏற்றாதீர்கள். அமாவாசைக்காக அல்ல, கெட்டால் சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்பதற்காக. ‘சரி’ என்பதை அமுக்குமுன் அதன் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். புரியாவிட்டால் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். கெட்டால் எழுதுங்கள், பதில் வராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள். யந்திரம் மனிதன் செய்தது, மனிதன் திருத்தக்கூடியது, அதற்குப் பயப்படவும் வேண்டாம், அதைக் கும்பிடவும் வேண்டாம். சக்கரத்தின் கீழ் வைக்க வாங்கிய எலுமிச்சம்பழம் மீதி இருந்தால் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுப் புகார்க் கடிதத்தை எழுத உட்காருங்கள்.