டாலர் பென்ஷனும் மயிலாப்பூர் பாசமும்

ரிட்டையர் ஆன வெள்ளைக்காரருக்கு மூன்று ஆசை. வெயில் அடிக்கணும், ஜனங்க சிரிச்ச முகமா இருக்கணும், விலைவாசி கம்மியா இருக்கணும். தாய்லாந்து இதற்கென்றே விசா வைத்திருக்கிறது: வயது 50 ஆகி, பேங்கில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும். மலேசியா 2002-லேயே 'இரண்டாவது வீடு' திட்டம் ஆரம்பித்துவிட்டது.

நம்ம ஊர்க்காரர்களுக்கும் அப்படி ஒரு நாடு உண்டு. பேரு மயிலாப்பூர்! முப்பது வருஷம் நியூஜெர்சியில் வேலை, கையில் அமெரிக்க பாஸ்போர்ட், கூடவே ஓ.சி.ஐ. அட்டை. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் அடையாறில் தாராளமாக ஃபிளாட் வாங்கலாம், ஆயுசுக்கும் தங்கலாம். ஆக, சட்டப்படி பார்த்தால் இவர்கள் வருவதும் வெளிநாட்டுக்குத்தான் :)

வரட்டும். பிறந்த ஊர், மார்கழிக் கச்சேரி, கபாலி கோயில்... வயசான காலத்தில் வேறெங்கே போவார்கள்? பிரச்சினை அது இல்லை. வந்த ஆறாம் மாசம், "அங்கே பக்கத்து வீட்டுக்காரன் முகமே தெரியாது, இங்கே மனுஷங்க எவ்வளவு பாசம்!" என்று ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

யாருடைய பாசம்? பாத்திரம் தேய்க்கும் அம்மா, டிரைவர், முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும் பெண். வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018-ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அதாவது 600 ரூபாய்க்கு மேல். மயிலாப்பூரில் 37-ஐ விடக் கூடவே கொடுக்கிறார்கள், சரி. ஆனால் இதே மூன்று பேரை நியூஜெர்சியில் வேலைக்கு வைத்தால் பென்ஷன் பத்து நாள் தாங்குமா?

அந்த அம்மா எங்கிருந்து வருகிறார் என்று கேட்டதுண்டா? முன்பு பக்கத்திலேயே, பக்கிங்காம் கால்வாய்க் கரையிலோ அடையாற்றங்கரையிலோ இருந்தவர். 2000-லிருந்து கண்ணகி நகர், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். பஸ்ஸிலேயே போகும் நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கோர்ட் உத்தரவு என்று சொல்லி வீடுகளை இடித்தபோது, ஒருவர் தீக்குளித்து இறந்தார். அறுபதை ஒட்டிய வயது. ரிட்டையர் ஆகிற வயசுதான்.

"நாங்க வேலை குடுக்கறோமே?" என்பார்கள். கொடுங்கள் சார், கூடவே வாரம் ஒரு நாள் லீவும் தீபாவளி போனஸும் கொடுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து நல வாரியம் இருக்கிறது, அதில் பெயரைப் பதிய உதவுங்கள். 'வேலையாட்கள் இந்த லிஃப்டில் ஏறக்கூடாது' போர்டு இருந்தால் கழற்றுங்கள். அடுத்த தடவை பின்பக்கத் தெருவுக்கு புல்டோசர் வரும்போது, அசோசியேஷன் மீட்டிங்கில் 'ஆக்கிரமிப்புதானே' என்று தலையாட்டாமல், இந்த ஏரியாவிலேயே அவர்களுக்கு வீடு கொடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள். ஐ.ஏ.எஸ். மச்சினரும் வக்கீல் தம்பியும் உங்கள் பக்கம்தானே இருக்கிறார்கள், அந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?