இரைச்சல் என்றொரு வசவு

சபாவில் தாளம் போடும் என் சிநேகிதர்களுக்கு இரைச்சல் என்பது வசவு. ஸ்டாக்ஹோமின் என்டூம்ட் குழு 1990-இல் கொண்டுவந்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்'தைப் போட்டுக் காட்டினேன். "மரம் அறுக்கிற சத்தம்" என்றார் ஒருவர். வாஸ்தவம். சன்லைட் ஸ்டூடியோவில், பாஸ் கம்பெனியின் எச்எம்-2 என்ற சிறு பெட்டியின் திருகுகளை முழுக்க முறுக்கி, வேண்டுமென்றே உண்டாக்கிய சத்தம் அது. கிடாரின் தந்தி தன் அடையாளமிழந்து இரும்பாகிவிடுகிறது. இனிமையை வெளியேற்றியதுதான் அதன் சாதனை.

இதே சிநேகிதர்கள் காஞ்சிபுரத்துத் தறிச் சத்தத்தை 'சங்கீதம்' என்று எழுதுகிறார்கள். முசரவாக்கத்திலிருந்து சொல்கிறேன்: குழித்தறியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்தவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தொல்காப்பியம் பறையைத் திணைகளின் கருப்பொருள்களில் ஒன்றாக வைத்தது. நாம் அதைச் சாவு வீட்டுக்குத் தள்ளினோம். பிறகு இரைச்சல் என்றோம். இந்தத் தீர்ப்பில் காதுக்குப் பங்கு கொஞ்சம்; மீதி ஜாதிக்கு.

சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழு டெத் மெட்டலில் சம்ஸ்கிருத மந்திரங்களைச் சேர்த்தது. "அப்படியானால் சரி" என்கிறார்கள் இவர்கள். குழுவின் உறுமல் எனக்குப் பிடிக்கும். மந்திரத்தைக் காட்டி அதற்கு இவர்கள் தரும் நன்னடத்தைச் சான்றிதழ்தான் சகிக்கவில்லை. வேதாந்தம் ஒட்டினால்தான் சத்தத்துக்கு அர்த்தமா? இப்படி உறுமுகிற ஒரு தமிழ்க் கவிதை வந்தால் நம் சிறுபத்திரிகைகள் என்ன செய்யும்? சந்தம் சீராக்கி, கரடுகளை இழைத்து, ஒப்பாரியில் பாதியை வெட்டிவிட்டுத்தான் அச்சேற்றும்.