பாதையை விட்டு விலகாதே!

"பூவைப் பறிக்காதே, கல்லை எடுக்காதே, பாதையை விட்டு விலகாதே என்று ஓர் இடத்தில் எழுதி வைத்திருந்தால், அங்கே எவன் போவான்? மனம்போல் திரிவதற்குத்தானே மலைக்குப் போகிறோம்!"

சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவைப் பற்றி நான் சொன்னபோது வகுப்பு நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. இன்று சொல்கிறேன்.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முதல் தேசியப் பூங்கா அதுதான். 1914 ஆகஸ்டு முதல் நாள், எங்காதின் பள்ளத்தாக்கை ஒட்டித் தோன்றியது. பரப்பு சுமார் 170 சதுர கிலோமீட்டர். அதற்குப் பணம் திரட்டவே 1909-இல் ஒரு சங்கம் தோன்றியது. உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுச் சந்தா ஒரே ஒரு பிராங்க்! எளிய மக்களின் காசில் எழுந்த பூங்கா அது.

அதற்கு முன் அந்த மலை பட்ட பாடு கொஞ்சமன்று. உப்புக் காய்ச்சவும் உலோகம் உருக்கவும் காடுகளை வெட்டிச் சாய்த்தனர். ஐபெக்ஸ் என்னும் நீள்கொம்பு மலையாடு வேட்டையில் அழிந்தது. அந்நாட்டின் கடைசிக் கரடி 1904-இல் அப்பகுதியில்தான் சுட்டுக் கொல்லப்பட்டது. மனம்போல் திரிந்ததன் விளைவு இதுவன்றோ?

இன்று அங்கே சுமார் 100 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. அதில் எவரும் கட்டணமின்றி நடக்கலாம். ஆனால் ஓரடியும் விலகக் கூடாது. நாயைக் கயிற்றில் கட்டியும் கொண்டுபோக முடியாது. சாய்ந்த மரத்தைக் கூட எவரும் அகற்றுவதில்லை. குளிர்காலத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மனிதன் பாதையில் மட்டுமே வருவான் என்று விலங்குகள் பழகிக்கொள்கின்றன. ஆகவே அவை அஞ்சி ஓடுவதில்லை. செம்மானும் மர்மோட்டும் கண்ணெதிரே மேய்கின்றன. நாம் அடங்கி நடப்பதால்தான் அவற்றைக் காண்கிறோம்! 1920-இல் கொண்டுவந்து விட்ட ஐபெக்ஸ் பெருகியது. 1991-இல் பறக்கவிட்ட தாடிக் கழுகு மீண்டும் வானில் வட்டமிடுகிறது.

"சைக்கிளில் செல்பவன் என்ன பாவம் செய்தான்?" என்று நண்பர் கேட்கக்கூடும். பூங்காவின் பாதைகளில் சைக்கிளுக்கு இடமில்லை என்பது உண்மையே. ஆனால் நடுவே செல்லும் ஓஃபன் கணவாய்ச் சாலையில், 2149 மீட்டர் உயரம் வரை மூச்சு வாங்க மிதிக்கலாம். அண்டையில் இத்தாலியின் ஸ்டெல்வியோ தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 1825-இல் முடிந்த மலைச்சாலை, ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகளுடன் 2757 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. உலகெங்குமிருந்து சைக்கிள் வீரர்கள் வருகிறார்கள். சக்கரத்திற்குச் சாலை, காலுக்குப் பாதை, எஞ்சியதெல்லாம் விலங்குக்கு. இந்தப் பங்கீட்டில் என்ன அநீதி?

மலை நமக்காகப் படைக்கப்பட்ட விளையாட்டுத் திடல் அன்று; பிறர் குடியிருக்கும் வீடு. விருந்தினன் கூடத்தில் அமரலாம். அடுக்களைப் பானையைத் திறந்து பார்க்கலாமா? தடை என்பது சுதந்திரத்திற்குப் பகையன்று. நமக்குப் பின் வருபவனின் சுதந்திரத்திற்கு நாம் கட்டும் சந்தா. அந்த ஒரு பிராங்க்கைப் போல.

நண்பரே, வாய்ப்புக் கிடைத்தால் இருவரும் போவோம். சைக்கிளைச் சாலையோரம் பூட்டிவிட்டு, பாதையிலேயே நடப்போம். கரடி கூட 2005-இல் அப்பக்கம் எட்டிப் பார்த்ததாம்!