கடைசித் தெருவின் தீர்ப்பு

ஒரு நகரத்தின் நிர்வாகம் செம்மையாக நடைபெறுகிறதா என்று அறிய விரும்புவோர், அதன் நடுவே நிற்கும் மண்டபங்களையும் பூங்காக்களையும் கண்டு திருப்தியடைந்துவிடாமல், அதன் எல்லையில் தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் வசிக்கும் குடும்பங்களை விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விருந்தின் சிறப்பைக் கடைசிப் பந்தியில் அமர்ந்தவருடைய இலையைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? ஈப்போ மாநகர் மன்றம் முதலாகப் பேராக் மாநிலத்தில் உள்ள 15 ஊராட்சி மன்றங்களையும் இந்த அளவுகோல் கொண்டே அளக்க வேண்டும்.

மன்றங்களை மதிப்பிட ஓர் ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. 2008ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு மன்றங்களின் நிர்வாகம், அடிப்படைச் சேவைகள், பொதுமக்களைக் கவனிக்கும் முறை, சமூகத்தின் பங்கேற்பு ஆகியவற்றைப் பரிசீலித்து நட்சத்திரங்கள் வழங்கி வருகிறது. அலுவலகங்களில் ஒழுங்கை வளர்க்க அது உதவக்கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மன்றம் முழுவதற்குமாக ஒரே தரம் வழங்கப்படுகையில், நகர மையத்தின் துப்புரவும், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் போன்ற வெளிப்பகுதிகளில் ஒரு கால்வாய் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்குமானால் அந்த அவலமும், ஒரே சராசரிக்குள் கரைந்து மறைந்துவிடும்.

வெளிப்பகுதிகளைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. ரப்பர் தோட்டம் தனியார் நிலம். அதன் சாலையும் தண்ணீரும் லயத்து வீடும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தன. தொழிலாளர் வீடமைப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கடமையை முதலாளி மீதே சுமத்தியது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டின் மைந்தரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து இயன்றதைக் காப்பாற்றினார். எனினும் பின்னர் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் இடம்விட்டன. முதலாளி போனதும் முதலாளியின் கடமையும் போயிற்று. அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

தண்ணீருக்குப் பேராக் நீர் வாரியம், பெரிய சாலைக்குப் பொதுப்பணி இலாகா, ஆற்றுக்கும் பெருவடிகாலுக்கும் வடிகால் நீர்ப்பாசன இலாகா, மனைக்கு நில அலுவலகம் என்று பொறுப்புகள் பிரிந்து கிடக்கையில், மலாய் மொழியில் விண்ணப்பம் எழுதப் பிறரை நாடும் ஒரு முதிய பால்மரத் தொழிலாளி எந்தப் படியில் ஏறுவார்? குப்பை விஷயத்திலோ இந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. திடக்கழிவு நிர்வாகத்தை மத்திய அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் சட்டம் 2011இல் அமலுக்கு வந்தபோது பேராக் அதில் சேரவில்லை. ஆதலால் அந்தப் பணி ஊராட்சி மன்றத்தின் கையிலேயே தங்கியது.

மக்கள் தங்கள் அதிருப்தியை வாக்குச் சீட்டினால் தெரிவித்த காலமும் இருந்தது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் நேர்ந்த மோதலைக் காரணமாகக் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, தேர்தல்களை மீண்டும் நடத்த வேண்டுமென்றே சிபாரிசு செய்தது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கவுன்சிலர்களை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசாங்கத்திடம் அளித்து அவ்வழியை அடைத்துவிட்டது. 2018இலும் இக்கோரிக்கை எழுந்தபோது, இனப் பிணக்கு விளையும் என்று கூறிப் பிரதமர் மகாதீர் அதை நிராகரித்தார்.

அந்த அச்சத்துக்கு ஈப்போவின் சரித்திரமே சமாதானம் சொல்கிறது. சீன வாக்காளர் மிகுந்த ஈப்போவிலும் மெங்லெம்புவிலும், இலங்கைத் தமிழ் மரபினரான டி. ஆர். சீனிவாசகமும் அவருடைய சகோதரர் எஸ். பி. சீனிவாசகமும் மக்களால் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள்; அவர்களுடைய மக்கள் முற்போக்குக் கட்சியிடமே நகர மன்றமும் ஒப்படைக்கப்பட்டது. தங்கள் குறையைக் கேட்பவர் எவரென்று பார்த்து வாக்களித்த அம்மக்கள், அவர் எந்த இனத்தவர் என்பதைத் தடையாகக் கருதவில்லை.

தேர்தல் திரும்பும் வரையில் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மன்றமும் ஒவ்வொரு பகுதியிலும் வசூலான மதிப்பீட்டு வரி எவ்வளவு, வந்த புகார்கள் எத்தனை, தீர்க்க ஆன நாட்கள் எத்தனை என்று பகுதிவாரியாக ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும். புகாரை முதலில் பெற்ற அலுவலகமே, அது வேறு இலாகாவைச் சேர்ந்ததாயினும், முடிவு தெரியும்வரை பொறுப்பேற்க வேண்டும். கவுன்சிலர்களுள் பெரும்பாலோர் அவ்வூர்வாசிகளாயும், அனுபவமோ தொழிற்சிறப்போ தங்கள் சமூகத்தின் நலன்களை எடுத்துரைக்கும் தகுதியோ உடையவர்களாயும் இருக்க வேண்டுமென்று 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறுகிறது. பழைய தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோர் அந்த இடங்களுக்கு நியமிக்கப்படுவதே அப்பிரிவின் உட்கருத்துக்கு மரியாதை செய்வதாகும்.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வரி செலுத்தும் நாம், இந்த உரிமையையும் தவறாமல் பிரயோகிக்க வேண்டும். ஆலய நிர்வாகங்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், குடியிருப்போர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தின் தேதியை மன்றத்திடம் கேட்டறிந்து, தத்தம் தெருவின் குறைகளை எழுத்தில் சமர்ப்பித்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் சென்று அமரட்டும்.